கோழி சாம்பிள் என்று எழுதிய பார்சல்

1

இன்று அப்பா இறந்த நாள். இருபத்தாறு வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் இந்த நாளில் அப்பா படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு ஏற்றுவேன், பிறகு டிராம் பிடித்து வேலைக்குப் போவேன். இந்த வருடம் அதோடு நிறுத்தப் போவதில்லை.

என் அப்பா வயிற்றுப் புண்ணால் சாகவில்லை. பெருங்குடல் புற்றுநோயால் செத்தார். அப்போது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்கு நாலு வருடம் முன்னால் செத்த என் அத்தைக்கு வந்தது வெறும் ரத்தப்போக்கு அல்ல. கர்ப்பப்பையில் புற்றுநோய். இரண்டையும் என் குடும்பம் மறைத்தது. நானும் சேர்ந்துதான் மறைத்தேன்.

ஊரில் இதைப் படிக்கிற உறவுக்காரர்கள் கோபப்படுவார்கள். படட்டும். அவர்களும் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டியவர்கள்தான். கோபத்தோடாவது போகட்டும்.

2

நான் ஜெர்மனியில், பிரேமன் நகரத்தில் இருக்கிறேன். ஒரு மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. டாக்டர் இல்லை, டெக்னீஷியன். சேலத்தில் படித்த படிப்பு இங்கே செல்லும் என்று ஒப்புக்கொள்ள வைக்கவே நாலு வருடம் ஆனது. எந்தப் பாடத்தை எத்தனை மணி நேரம் படித்தேன் என்று கல்லூரி முத்திரையோடு தாள் கேட்டார்கள். கல்லூரியில் கேட்டால், "அப்படியெல்லாம் யாருக்கும் குடுத்ததில்லீங்க" என்றார் குமாஸ்தா. இங்கே இருக்கும் அதிகாரியோ, அப்படி ஒரு தாள் இல்லாமல் ஒரு கல்லூரி எப்படி நடக்க முடியும் என்று என்னைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் நடுவில் நாலு வருடம் அலுவலகம் கூட்டிப் பெருக்கிச் சம்பாதித்தேன்.

என் வேலை இதுதான். ஆபரேஷனில் வெட்டி எடுத்த சதை வரும். அதில் ஒரு துண்டை மெழுகில் பதித்துக் கட்டியாக்குவோம். தீப்பெட்டியில் பாதி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் சட்டம், அதன்மேல் அந்தக் கட்டி, சட்டத்தின் ஓரத்தில் ஒரு எண். அந்தக் கட்டியை வெங்காயச் சருகைவிட மெலிதாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி டாக்டரிடம் கொடுப்பேன்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. எண் இல்லாத கட்டியைத் தொடக்கூடாது. யாருடையது என்று தெரியாத சதைக்கு எழுதும் ரிப்போர்ட் இன்னொருவனைக் கொல்லும். அப்படி வந்தவற்றை என் கையாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

3

என் அண்ணன் கந்தசாமிக்கு ஐம்பத்தொரு வயது. நாமக்கல்லுக்கும் ராசிபுரத்துக்கும் நடுவில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். முட்டைக்கோழி. போன வருடம் மலத்தில் ரத்தம் போனது. மூலம் என்று ஆறு மாதம் கைவைத்தியம் பார்த்தார். பிறகு சேலத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று பில்லோடு சேர்த்து மூன்று மெழுகுக் கட்டிகளையும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். என் நங்கையா, அதாவது அண்ணன் மனைவி சரோஜா, அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

எட்டு மாதத்தில் ஈரலில் நோய் தெரிந்தது. புதிதாகப் பார்த்த புற்றுநோய் டாக்டர் அடுத்த மாதம் கீமோ தொடங்கலாம் என்றார். பழைய கட்டியில் இன்னொரு டெஸ்ட் பார்த்தால் நல்லது, அதில் வேறு மாதிரி வந்தால் கீமோவே வேண்டாம், வேறு மருந்து இருக்கிறது என்றும் சொன்னார். ஈரலில் ஊசி போட்டுப் புதிதாகச் சதை எடுக்க அவருக்கு மனமில்லை. பெரிய ரத்தக்குழாயை ஒட்டி இருந்தது.

அந்த டெஸ்ட் என்னவென்று எனக்குத் தெரியும். வாரம் நாலு நாள் அதற்குத்தான் சாயம் ஏற்றுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உடம்பில் ஒரு செல் இரண்டாகும்போது அதற்குள் இருக்கும் எழுத்து முழுவதையும் பார்த்துப் படி எடுக்கும். எழுதுகிறவன் தப்பு செய்வான். அதைத் திருத்த ஒரு கூட்டம் இருக்கிறது. முக்கியமாக நாலு புரதங்கள். சில குடும்பங்களில் இந்தத் திருத்துகிற கூட்டத்தில் ஒன்று பிறவியிலேயே பாதி பழுது. மீதிப் பாதியும் ஏதாவது ஒரு செல்லில் பழுதாகிவிட்டால், அங்கே பிழைமேல் பிழை சேரும். ஒரு எழுத்து விட்டுப்போனால் அதற்குப் பின்னால் வரும் வாக்கியம் முழுக்க உளறலாகிவிடும். அப்படித்தான் கட்டி வருகிறது. குடலில் வரும், கர்ப்பப்பையில் வரும். சின்ன வயதிலேயே வரும். குடும்பத்தில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு வரும்.

படிக்கிறவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும். எனக்கு அது எப்போதோ புரிந்துவிட்டது.

4

அந்த மெழுகுக் கட்டிகளைச் சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொன்னேன். எப்படிச் சுற்ற வேண்டும், எந்தத் தாளை உள்ளே வைக்க வேண்டும் என்று வீடியோவில் செய்தே காட்டினேன். நங்கையா எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்றார்.

ஐந்தாம் நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில், அண்ணன் மகள் அனு கூப்பிட்டாள். இருபத்து மூன்று வயது, நாமக்கல்லில் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறாள். ஓமலூரில் ஒரு குடும்பத்தோடு அவளுக்குக் கல்யாணம் பேசி, தையில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாகியிருந்தது.

"அத்தை, சென்னையிலிருந்து போன் வந்துச்சுங்க. அவங்க கோழி சாம்பிளெல்லாம் பாக்கறதில்லையாமா."

"என்ன கோழி?"

"பார்சல் மேல கோழி சாம்பிள்னு எழுதியிருக்குதாமுங்க. உள்ள தாளும் இல்லியாம், பேரும் இல்லியாம்."

"உங்கம்மாகிட்ட போனைக் குடு."

நங்கையா வந்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நாந்தானுங்க அம்மிணி எழுதுனேன். கொரியர் ஆபீஸ் யாருதுன்னு நெனச்சீங்க? ஓமலூர்க்காரரோட தங்கச்சி ஊட்டுக்காரரது. பார்சல்ல உங்கண்ணன் பேரும் ஆஸ்பத்திரி பேரும் இருந்துச்சுனா அன்னிக்கே ஓமலூருக்குப் போன் போயிருமுங்க. நம்ம பண்ணையிலிருந்து மாசம் ரெண்டு கோழி சாம்பிள் போவுது. ஒருத்தருக்கும் சந்தேகம் வராதுல்லங்க."

"சரி. மேலதான் கோழின்னு எழுதுனீங்க. உள்ளே கட்டி ஓரத்துல நம்பர் இருந்துச்சே?"

"பிளேடு வெச்சுச் சுரண்டிப்போட்டேனுங்க."

"மூணுலயுமா?"

"மூணுலயுந்தானுங்க. ஒண்ணுல உட்டு வெச்சா என்ன பிரயோசனம்?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. சாப்பாட்டு அறையில் இருந்த ஜெர்மன்காரர்கள் எல்லாரும் எழுந்து பார்த்தார்கள். நங்கையா அழவில்லை. நான் முடிக்கும்வரை காத்திருந்து ஒன்று சொன்னார்.

"ஏனுங்க, உங்களுக்குக் கல்யாணம் பேசறப்ப உங்கப்பாவுக்கு வயித்துப் புண்ணுன்னு சொன்னது ஆருங்க? நானா?"

போனை வைத்துவிட்டேன்.

5

அவர் சொன்னது உண்மை. என் கல்யாணப் பேச்சு வந்தபோது அம்மா அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபைலை வெந்நீர் அடுப்பில் போட்டார். நான்தான் பக்கத்தில் நின்று அடுப்பை ஊதினேன். எனக்கு இருபத்திரண்டு வயது, லேப் படிப்பு முடித்தவள். அந்த ஃபைலில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவள் அந்த வீட்டிலேயே நான் ஒருத்திதான்.

அதோடு போகட்டும் என்றால் அதுவும் இல்லை. பிரேமனுக்கு வந்த முதல் வருடம் இங்கே குடும்ப டாக்டரிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா? மூன்று கட்டங்கள். உண்டு, இல்லை, தெரியாது. ஊர்க்காரர் யாரும் அதைப் படிக்கப் போவதில்லை. மாமியார் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப்பக்கம். ஆனாலும் என் கை "இல்லை"க்குத்தான் போனது. "தெரியாது" என்றுகூடப் போடவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் சின்ன வயதுக்காரரின் குடல்கட்டியில் அந்த நாலு புரதங்களில் ஒன்று காணவில்லை என்றால் டாக்டர் ரிப்போர்ட்டில் ஒரு வரி சேர்ப்பார். குடும்பத்தாரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும், குடலைக் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்று. அந்தக் கண்ணாடித் தகடுகளை அடுக்கிக் கொடுக்கிறவள் நான். அப்போதெல்லாம் என் அப்பாவை நினைத்ததே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்தேன். அடுத்த தகட்டை எடுத்தேன்.

நாற்பது வயதில் அண்ணனைக் கேமரா டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தால் அது வெறும் சதை முளையாக இருந்திருக்கும். அங்கேயே கிள்ளி எறிந்திருப்பார்கள். ஒரு போன் போதும். நங்கையா பிளேடால் மூன்று எண்களைச் சுரண்டினார். நான் பிளேடே இல்லாமல் இருபத்தாறு வருடம் சுரண்டினேன்.

அன்று மாலை என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டிவியை நிறுத்தினார். பிறகு, "இதை எங்கிட்ட சொல்ல உனக்கு இருவத்தி மூணு வருசம் பத்தலையா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் மகள் யாழினி ஹெட்போனைக் கழற்றி, "என்ன ஆச்சு?" என்று ஜெர்மனில் கேட்டாள். அவளுக்குப் பதினெட்டு வயது. வீட்டில் நாங்கள் தமிழில் பேசினால் ஜெர்மனில் பதில் சொல்வாள். நான் அவளுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கி, பாதியில் சொல் கிடைக்காமல் ஜெர்மனில் முடித்தேன். பிறவியில் வருகிற பழுது என்பதை வேலையிடத்து மொழியில் சொல்லித்தான் பழக்கம். வீட்டு மொழியில் அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

6

மறுநாள் சென்னைக்குப் போன் போட்டேன். ஒரு டாக்டர் பெண் பேசினார். சின்ன வயதுக் குரல். நான் எடுத்தவுடன் சத்தம் போட்டேன். அது மனிதச் சதைதான், என் அண்ணனுடையதுதான், நான் டெக்னீஷியன், எனக்குத் தெரியும் என்றேன்.

"மேடம், உங்க லேபுக்கு இப்படி ஒண்ணு வந்தா நீங்க எடுப்பீங்களா?" என்றார் அவர்.

"எடுக்க மாட்டேன்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் இருவரும் மனிதர்களாகப் பேசினோம். சாயம் ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட்டை விட்டுவிடுவோம், டி.என்.ஏ. டெஸ்ட் போகலாம் என்றார். கட்டியில் எவ்வளவு பிழை சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, அதே ஆளின் ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். அதிலேயே, இந்தச் சதை இந்த ரத்தத்துக்காரருடையதா என்றும் தெரிந்துவிடும். பேர் இல்லாத சதைக்கு அவர் ரத்தமே பேர் கொடுக்கும்.

"ஆனா ரத்தம் சரியான பேரோட வரணும் மேடம். அவரே நேர்ல வந்து, அடையாள அட்டை காட்டி, படிவத்துல கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும். எங்க சேகரிப்பு மையத்துலதான். கோழி கீழின்னு எதுவும் கூடாது."

மையம் நாமக்கல்லில் ஒன்று இருந்தது, சேலம் அஸ்தம்பட்டியில் ஒன்று. கீமோ தொடங்கப் பதினாறு நாள் இருந்தது. டெஸ்ட்டுக்குப் பத்து நாள் ஆகும் என்றார். இந்த வகைக் கட்டிக்கு வழக்கமான கீமோ அவ்வளவாகக் கேட்பதில்லை என்று எங்கள் டாக்டர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். அண்ணன் ஏற்கெனவே பதினான்கு கிலோ இளைத்திருந்தார். கேட்காத மருந்தை ஏற்றி மிச்சத் தெம்பும் போய்விட்டால், கேட்கிற மருந்தைத் தாங்க உடம்பு இருக்காது.

7

அண்ணனைக் கூப்பிட்டேன். ஷெட்டில் இருந்தார். பின்னால் கோழிகளின் சத்தம்.

"அம்மிணி, பொட்டாட்ட சும்மா இரு. அனு கல்யாணம் தையில. அது முடியட்டும், அப்பறம் எந்த டெஸ்ட்டு வேணா எடுத்துக்கலாம்."

"தைக்கு நீங்க இருப்பீங்களாண்ணா?"

கேட்டுவிட்டேன். என் வாய் அப்படி. பிறகு அவர், "அந்த டெஸ்ட்டுல அப்படி என்னதான் தெரியும், சொல்லு கேட்போம்" என்றார்.

"உங்க ஷெட்டுல முட்டை உடாத கோழிய எப்படிக் கண்டுபிடிக்கறீங்க?"

"கொண்டைய வெச்சுத்தான். தீவனம் திங்கத் தலைய வெளிய நீட்டும்ல. வரிசையா நடந்து பாத்துட்டே போவேன். வெளுத்த கொண்டையாட்டம் இருந்தா அதப் புடிச்சு வெளிய போட்டுர்றது."

"கூண்டுக்குள்ள கைய உட்டுப் பாப்பீங்களா?"

"பத்தாயிரம் கோழிக்கு ஆரு கைய உட்டுப் பாக்கறது? தலைதான் கணக்கு."

"உடம்புலயும் அதேதாண்ணா. ஒவ்வொரு செல்லும் உள்ள என்ன பண்ணுதோ அதுல ஒரு துணுக்கை எடுத்து வெளிய நீட்டிக் காட்டும். நோய் எதிர்ப்புப் படை வரிசையா அதைப் பாத்துட்டே போகும். நம்மளதாட்டம் இருந்தா உட்டுரும். வேத்துத் துணுக்கா இருந்தா புடிச்சுக் கொல்லும். கேன்சர்ல நெறையக் கட்டி நம்ம சொந்தச் செல் மாதிரியே இருக்கும். ஒண்ணு ரெண்டு பிழைதான். பட கண்டுக்காமப் போயிரும். ஆனா சில கட்டி இருக்குது, திருத்த ஆளே இல்லாம ஆயிரக்கணக்குல பிழை. அது வெளிய நீட்டறது பூரா உளறல். பாத்த உடனே தெரிஞ்சுரும்."

"அப்பறம் ஏன் அது என்ற கட்டியப் புடிக்கல?"

நல்ல கேள்வி. டாக்டர்கள் இதைக் கேட்க எத்தனையோ வருடம் ஆனது என்று படித்திருக்கிறேன்.

"வந்து சுத்தி நிக்கும்ணா. கட்டிக்குள்ள பட வந்து குவிஞ்சு கெடக்கறத நானே கண்ணாடியில பாத்திருக்கறேன். ஆனா கட்டி ஒரு கையக் காட்டும். நம்மாளுதான், போலாம்னு. பட நின்னுரும். அந்தக் கையத் தட்டி உடறதுதான் புது மருந்து. ஆனா படைக்கு ஆளே தெரியாத கட்டியில தட்டி உட்டு என்ன பிரயோசனம்? அதான் மொதல்ல பிழை எத்தனன்னு பாக்கணும்."

"அப்ப பிழை சாஸ்தியா இருந்தா எனக்கு நல்லதுங்கற."

"ஆமாண்ணா. உங்களுது ரொம்பக் கெட்ட கட்டியா இருக்கணும்னுதான் நான் சாமி கும்புடறேன்."

சிரித்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்துக் கேட்டேன். எல்லாருக்கும் இந்த மருந்து கேட்காது, சில கட்டிகள் துணுக்கை நீட்டுவதையே நிறுத்தி ஒளிந்துகொள்ளும் என்பதையும் சொன்னேன். மறைக்கவில்லை. இனிமேல் எதையும் மறைப்பதில்லை என்று இருந்தேன்.

"நாமக்கல்லுல வேண்டாம். அஸ்தம்பட்டி போறன்," என்றார். "அங்க நம்மள ஆருக்குத் தெரியும்?"

8

வியாழக்கிழமை காலை போனார். அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

மையத்தில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் கைக்குட்டையால் பாதி முகத்தை மூடி ஓரத்தில் உட்கார்ந்தார். நிமிர்ந்து பார்த்தால் எதிர் நாற்காலியில் ஓமலூர்க்காரர். சம்பந்தி ஆகப்போகிறவர். சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்.

"ஏனுங்க மச்சான், இத்தன தூரம்?" என்றார் அவர்.

"சும்மா கொழுப்புப் பாக்கலாம்னு வந்தனுங்க மாமா," என்றார் அண்ணன்.

"அதுக்கு நாமக்கல்லுலயே பாக்கலாமல்லங்க?"

அண்ணன் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, கையில் இருந்த தாளைப் பார்த்து, எட்டு ஊருக்குக் கேட்கிற குரலில் கூப்பிட்டது.

"கந்தசாமி, ஐம்பத்தொண்ணு! குடல் கேன்சர் ஜீன் டெஸ்ட்டுக்கு வந்தவங்க யாருங்க?"

யாரும் அசையவில்லை. நாட்டில் கந்தசாமிகள் ஆயிரம் பேர் உண்டு. அண்ணன் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் இரண்டாம் தடவை கூப்பிட்டது. மூன்றாம் தடவை கூப்பிடாது, தாளை அடியில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடும். எழுந்து வெளியே போய் டீ குடித்துவிட்டு, ஓமலூர்க்காரர் போனபிறகு வரலாம். அல்லது வராமலே இருக்கலாம்.

"அப்ப என்ன நெனச்சீங்கண்ணா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் நெனைக்கல அம்மிணி. நீ சொன்னயே, வெளிய நீட்டுனாத்தான் தெரியும்னு. எந்திரிச்சுட்டேன்."

எழுந்து, "நாந்தானுங்க," என்றார். ஓமலூர்க்காரரைத் திரும்பிப் பார்த்து, "எங்கப்பாவும் இதுலதானுங்க போனாரு மாமா. உங்ககிட்டச் சொல்லாம உட்டுட்டம். தப்புத்தான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கையை நீட்டினார்.

வெளியே வந்தபோது எதிர் நாற்காலி காலி. அவர் சர்க்கரை டெஸ்ட் எடுத்தாரா என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலமே போன் வந்தது. ஜாதகத்தை இன்னொரு இடத்தில் காட்டினார்களாம், பொருந்தவில்லையாம். பத்தில் எட்டுப் பொருத்தம் என்று போன மாதம் அவர்களே சொன்ன ஜாதகம். நங்கையா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அனுதான் என்னைக் கூப்பிட்டாள்.

"உடுங்கத்தை. போச்சாது, போனாப் போகட்டும். அந்த மாப்பளைக்கு எங்கப்பன் பேரு இனிசியலுக்கு மட்டும்தான் வேணுமாட்ட இருக்குது." பிறகு, "எனக்கும் எடுக்கோணுமாங்க அந்த ரத்த டெஸ்ட்டு?" என்றாள்.

"எடுக்கோணும். நானும் எடுக்கறேன், நீயும் எடு," என்றேன். ஊரைவிட்டு வந்து இத்தனை காலத்தில் அவளுக்கு நான் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

9

பதினொன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கீமோ தொடங்க நாலே நாள். அனு படம் எடுத்து அனுப்பினாள். நான் மைக்ரோடோம் என்ற சீவல் இயந்திரத்தின் முன்னால், மெழுகு சீவிக்கொண்டிருந்தேன். கையுறையைக் கழற்றிவிட்டுப் படித்தேன்.

மூன்று மெழுகுக் கட்டிகளும் ரத்தத்தோடு பொருந்துகின்றன. மூன்றும் கந்தசாமிதான். சோதித்த எல்லா இடத்திலும் பிழை. அவ்வளவு கெட்ட கட்டி.

நின்ற இடத்திலேயே அழுதேன். பக்கத்தில் இருந்த ஜெர்மன் பெண் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள். இல்லை, நல்ல செய்தி, என் அண்ணன் கட்டியில் ஏகப்பட்ட பிழை என்றேன். அவளும் இதே வேலைக்காரி என்பதால் புரிந்துகொண்டு கட்டிப்பிடித்தாள். வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மருந்துக்கு அண்ணன் ஒரு ஷெட்டைக் கோழியோடு விற்றார். அதற்குமேல் பணத்தைப் பற்றி எழுதவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். முடி கொட்டவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு வந்தது, ஒரு மாதம் வயிற்றுப்போக்கு வந்தது. அவிழ்த்துவிட்ட படை சில சமயம் சொந்த வீட்டையும் அடிக்கும். போன வாரம் ஸ்கேன்.

"அம்மிணி, கோழி முட்ட அளவு இருந்தது புறா முட்டையாட்டம் ஆயிருச்சாமா. டாக்டரு சொன்னாரு."

"போகலையா முழுசா?"

"உனக்குப் பேராச. இன்னும் போடட்டும், பாக்கலாம்."

நானும் அதோடு நிறுத்திக்கொண்டேன். திரும்ப வளராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

10

இன்று மதியம் எனக்கும் யாழினிக்கும் பரம்பரை நோய் ஆலோசனை மையத்தில் நேரம் கொடுத்திருந்தார்கள். இங்கே ரத்தம் எடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பேசி, கையெழுத்து வாங்கித்தான் எடுப்பார்கள். டாக்டரம்மா பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குச் சதுரமுமாகக் குடும்ப மரம் வரைந்தார். அண்ணன் சதுரத்துக்குச் சென்னை ரிப்போர்ட் கொடுத்தேன். அத்தை வட்டத்துக்கு ஒன்றும் இல்லை, கேள்விக்குறி. அடுத்து டாக்டரம்மா அப்பாவின் சதுரத்துக்கு வந்தார்.

"ஆவணம் இருக்கிறதா?"

எரித்துவிட்டோம் என்று சொன்னேன். ஜெர்மனில் அதைச் சொல்வது சுலபம்தான், மூன்றே சொல். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இறப்புச் சான்றிதழில் காரணம்? இல்லை. மருத்துவமனைக் கடிதம்? இல்லை. அப்படியானால் உங்கள் சொல் மட்டும் என்று எழுதிக்கொள்கிறேன் என்றார். என் சொல்லா? பக்கத்துத் தெரு டாக்டரிடம் இருக்கும் படிவத்தில் என் சொல் "இல்லை" என்று இருக்கிறது.

அப்போது போனில் படம் வந்தது. அண்ணன். ஒவ்வொரு வருடமும் அப்பா நினைவு நாளுக்குப் பண்ணைக்கு முன்னால், பஸ் நிற்கும் இடத்தில், ஃப்ளெக்ஸ் பேனர் வைப்பார். ரோஜா மாலைக்குள் அப்பா முகம், கீழே எங்கள் எல்லார் பேரும். இந்த வருடமும் அதேதான். இரண்டு வரி மட்டும் புதிது. அச்சடிக்கிறவன், "இதெல்லாம் போடோணுமாங்க?" என்று இரண்டு தடவை கேட்டானாம்.

படத்தை டாக்டரம்மாவிடம் காட்டினேன். என்ன எழுதியிருக்கிறது என்றார். நான் போனை யாழினி பக்கம் நீட்டினேன்.

யாழினி போனை வாங்கினாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பத்து வயதுவரை போனவள். அதற்குப் பிறகு ஒரு தமிழ் எழுத்தைக்கூடத் தொட்டதில்லை. படத்தைப் பெரிதாக்கி, விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள்.

"பெ...ருங்...குடல்... புற்று...நோயால்... மறைந்த... எங்கள்... தந்தை." மூச்சு வாங்கினாள். "ரத்த... உறவுகள்... அனைவரும்... பரி...சோதனை... செய்து... கொள்ளவும்."

பிறகு அதை ஜெர்மனில் சொன்னாள், தடுமாறாமல். கீழே இருந்த பெயர் வரிசையில் விரலை நகர்த்தி, "இது நான்," என்றாள் டாக்டரம்மாவிடம்.

அவர் படத்தைத் தன் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லி, அச்செடுத்து, எங்கள் கோப்பில் வைத்துத் துளையிட்டார். அப்பா சதுரத்துக்குப் பக்கத்தில் நோயின் பெயரையும் நாற்பத்தெட்டு என்பதையும் எழுதினார். ஆதாரம் என்ற இடத்தில், "குடும்பத்தின் பொது அறிவிப்பு" என்று எழுதினார்.

பிறகு நான் சட்டைக் கையை மடித்தேன். எனக்குப் பிறகு யாழினி மடித்தாள்.